மீன்தொட்டிக் கண்ணாடியில் கடினநீர்ப் படிவு: உருவாக்கமும் நீக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

மீன்தொட்டிகளின் நீர்மட்டத்தை ஒட்டிப் படியும் வெண்படிவை நீக்கத் தேய்த்தலும் சுரண்டலுமே பெரும்பாலும் கையாளப்படுகின்றன. இப்படிவின் பெரும்பகுதி நீரில் கரையாததும் அமிலத்தில் கரைவதுமான கால்சியம் கார்பனேட் ஆகும். எனவே அதன் நீக்கம் உடலுழைப்பைக் காட்டிலும் அமிலத்தின் அளவையும் அது படிவைத் தொட்டிருக்கும் நேரத்தையும் சார்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மீன்கள் வாழும் தொட்டியில் வினிகர் கலப்பதால் நேரும் தீங்கில் ஆக்சிஜன் இழப்புக்கு உள்ள பங்கும் எளிய கணக்கீட்டின்வழி ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கடினநீர், கால்சியம் கார்பனேட், அசிட்டிக் அமிலம், காரத்தன்மை, மீன்தொட்டி, கரைந்த ஆக்சிஜன்.

முன்னுரை

கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் வைக்கப்பட்டுள்ள மீன்தொட்டிகளைக் கூர்ந்து நோக்கினால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நாற்புறமும் ஒரு வெண்பட்டை ஓடுவதைக் காணலாம். முதலில் மங்கலான புள்ளிகளாகத் தோன்றி, சில மாதங்களில் கையால் தடவினால் சொரசொரப்பாக உணரத்தக்க ஏடாக அது தடிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள ஊர்களில் இது விரைவாக நிகழும். அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் ஒரு கடையின் பழைய தொட்டியையும் புதிய தொட்டியையும் அருகருகே பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும்.

இக்கட்டுரையாளர் தம் வீட்டுத் தொட்டியின் வெண்பட்டையைப் பாத்திரம் துலக்கும் கம்பிநாரால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேய்த்திருக்கிறார். படிவின் பாதி எஞ்சியது. கண்ணாடியின் முன்பக்கத்தில் வளைவளைவான கீறல்கள் நிலைத்துவிட்டன. அத்தொட்டி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. விளக்கை ஏற்றும்போதெல்லாம் அக்கீறல்கள் ஒளிர்கின்றன. எதை நீக்க முயல்கிறோம் என்பதை அறியாமல் எப்படி நீக்குவது என்று தொடங்கியதே அன்று நேர்ந்த பிழை. இக்கட்டுரையின் வரிசை அப்பிழையைக் கருத்திற்கொண்டே அமைக்கப்பட்டுள்ளது.

'உப்பு' என்னும் சொல்

பேச்சுவழக்கில் இப்படிவை 'உப்புக் கறை' என்கிறோம். அதைத் தரும் நீரை 'உப்புத் தண்ணீர்' என்கிறோம். 'நல்ல தண்ணீர்' என்பதற்கு எதிராக நிற்கும் இச்சொல், கடலோரக் கிணற்றின் உவர்நீரையும் பாறைப்பகுதிக் கிணற்றின் கடினநீரையும் வேறுபாடின்றி உள்ளடக்குகிறது. வேதியியலில் கால்சியம் கார்பனேட்டும் ஓர் உப்பே ஆதலால் பெயரில் பிழையில்லை. ஆயினும் உப்பு என்றவுடன் நம் மனத்தில் எழுவது நீரில் கரையும் சமையலுப்பு. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்ற எதிர்பார்ப்பும், போகாதபோது இன்னும் அழுத்தித் தேய்க்கவேண்டும் என்ற முடிவும் இச்சொல்லிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு லிட்டர் நீரில் சமையலுப்பு ஏறத்தாழ 360 கிராம் கரையும். தூய நீரில் கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 15 மில்லிகிராம் அளவிலேயே கரைகிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது வீட்டு வழக்குக்குப் போதும். தொட்டியைத் துலக்குவதற்குப் போதாது. 'சுண்ணப் படிவு' என்ற சொல் இங்குப் பொருத்தமானது. வெள்ளையடித்த சுவரில் நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது உருவாவதும், கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதும், தொட்டியின் விளிம்பில் படிவதும் ஒரே பொருள்தான். உலர்ந்த வெள்ளைப்பூச்சை மழை கரைத்துச் செல்வதில்லை என்பது அனைவரும் அறிந்தது.

கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அயனிகள் மிகுந்த நீர் கடினநீர் ஆகும். 'வன்னீர்' என்ற சொல்லும் வழக்கில் உண்டு. இவ்வயனிகளோடு பைகார்பனேட் இணைந்திருப்பின் தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட்டும் குளோரைடும் இணைந்திருப்பின் நிரந்தரக் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500), மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க வரம்பாகவும், மாற்று நீராதாரம் இல்லாதவிடத்து 600 மில்லிகிராம் என்பதை அனுமதிக்கத்தக்க வரம்பாகவும் வகுத்துள்ளது. குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட நீரே தொட்டியில் தடித்த படிவைத் தரக்கூடும் என்பது இவ்வெண்களால் விளங்கும்.

நீர் தெளிவாக இருப்பதும் மென்மையாக இருப்பதும் வேறுவேறு என்பதையும் இங்குச் சுட்டவேண்டும். கலங்கல் நீரைத் தேற்றா விதையால் தெளியவைக்கும் வழக்கத்தைக் கலித்தொகை குறிப்பிடுகிறது. படிகாரமும் அப்பணியைச் செய்யும். இவை மிதக்கும் மண்துகள்களைப் படியச்செய்வன. கரைந்துள்ள கால்சியத்தை இவை நீக்கா. பளிங்குபோல் தெளிந்த ஆழ்துளைக் கிணற்று நீர்தான் பல தொட்டிகளில் மிகுதியான படிவைத் தருகிறது.

விளிம்பில் மட்டும் படிவதேன்?

படிவு உருவாவதற்கு இரு வழிகள் உள்ளன. நிலத்தடியில் கரியமில வாயு மிகுந்த சூழலில் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், தொட்டியில் காற்றூட்டப்படும்போது அவ்வாயுவை இழக்கிறது. அதைத் தொடர்ந்து பைகார்பனேட்டின் ஒரு பகுதி கார்பனேட்டாக மாறிக் கால்சியத்தோடு சேர்ந்து வெளிப்படுகிறது. வெப்பம் மிகும்போது இம்மாற்றம் விரைவுறும். சூடேற்றியின் மேல் வெண்தோல் படிவதும் இதனாலேயே.

இரண்டாவது வழி ஆவியாதல். காற்றுக் குமிழிகள் நீர்ப்பரப்பில் வெடிக்கும்போது நுண்துளிகள் மேற்கண்ணாடியிலும் மூடியிலும் தெறிக்கின்றன. தொட்டியிலுள்ள நீர் தன் கால்சியத்தைப் பெரும்பாலும் கரைசலாகவே வைத்திருக்க முடிகிறது. தனித்த துளியால் அது இயலாது. துளி முற்றிலும் உலரும்போது அதிலிருந்த அனைத்தும் கண்ணாடியில் எஞ்சும். அடுத்த தெறிப்பில், கரையக்கூடியவை மட்டும் கரைந்து வழிந்துவிட, கார்பனேட் நிற்கிறது. நாள்தோறும் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்வதால் படிவு ஏடேடாக வளர்கிறது. நீர்மட்டம் சில மில்லிமீட்டர் தாழ்வதும் மீண்டும் நீரூற்றுவதால் உயர்வதும் அதற்குப் பட்டையின் அகலத்தைத் தருகின்றன.

இதில் ஒளியியல் சார்ந்த ஒரு மயக்கமும் உண்டு. படிவு வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், நுண்படிகங்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள பெரும் வேறுபாடு. கால்சைட்டின் விலகல் எண் திசைக்கேற்ப 1.49 முதல் 1.66 வரை, நீருக்கு 1.33; காற்றுக்கு 1. படிவு நனைந்தவுடன் இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக நீர் புகுகிறது, வேறுபாடு குறைகிறது, வெண்மை மறைகிறது. துடைத்து முடித்தவுடன் கண்ணாடி தூய்மையாகத் தோன்றி, அரைமணி நேரத்தில் மீண்டும் வெளுப்பதைக் கண்டு 'உப்பு திரும்பப் பூத்துவிட்டது' என்பர். அது திரும்பவில்லை, அங்கேயே இருந்தது. ஆதலால் துலக்கலின் பயனைக் கண்ணாடி நன்கு உலர்ந்தபின்னரே மதிப்பிடவேண்டும்.

படிவை இனங்காணல்

வெண்மையாகத் தெரிவது எல்லாம் சுண்ணம் ஆகாது. ஒரு துளி வினிகரைப் படிவின்மேல் இட்டு உருப்பெருக்கி வழியே பார்த்தால், கார்பனேட்டாயின் நுண்குமிழிகள் எழும். வினிகரின் வலிமை குறைவு என்பதால் கொப்புளம் மெதுவாகவே தோன்றும். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நன்று.

குமிழி எழாவிடில் மூன்று வாய்ப்புகளை எண்ணலாம். சல்பேட் மிகுந்த நீரில் ஜிப்சம் படியும். இது அமிலத்துக்கு இசையாவிடினும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் கரையும். ஈரத்துணியை நெடுநேரம் போர்த்தி, துணியின் நீரைப் பலமுறை மாற்றினால் தளரும். இரண்டாவது சிலிக்கா. கடினப் பாறைப்பகுதி நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா உலரும்போது கண்ணாடி போன்றே மெல்லிய ஏடாகிவிடும். வினிகரோ எலுமிச்சையோ அதை அசைக்காது. மூன்றாவது, படிவே இல்லாமல் கண்ணாடியின் மேற்பரப்பு அரிப்புற்று மங்கியிருத்தல். காரத்தன்மையுள்ள நீர் பல ஆண்டுகள் உலர்ந்தும் நனைந்தும் இருந்த இடங்களில் இது நேரும். பின்னிரண்டுக்கும் சீரியம் ஆக்சைடுப் பொடியால் மெருகிடுவதே வழி. அதுவும் வெறுமைப்படுத்திய தொட்டியில் மட்டும். மெருகிடுதல் என்பது கண்ணாடியை மிக நுண்ணிய அளவில் தேய்த்து எடுப்பதே ஆதலால், அதன் உழைப்பையும் புதுத்தொட்டியின் விலையையும் ஒப்பிட்டு முடிவுசெய்வது அறிவுடைமை.

நடைமுறையில் இவை தனித்தனியே இருப்பதில்லை. சுண்ண ஏடுகளுக்கு இடையே உலர்ந்த பாசியும் தீவனத்தின் புரதப் படலமும் சிக்கியிருக்கும். அப்படலம் அமிலத்தைப் படிவை அணுகவிடாது. எனவே வெதுவெதுப்பான நீரும் மென்பஞ்சும் கொண்டு முதலில் கழுவுதல் வேண்டும். சோப்பு கூடாது. அது மீனுக்குத் தீங்கு என்பதோடு, கடினநீரில் கால்சியத்துடன் சேர்ந்து கரையாத கசடாகி இன்னொரு வெண்படிவையும் தரும்.

அமிலம்: எது, எவ்வளவு, எவ்வளவு நேரம்?

கார்பனேட்டின் மேல் அமிலம் படும்போது கரியமில வாயு வெளியேற, கால்சியம் அந்த அமிலத்தின் உப்பாக மாறுகிறது. அவ்வுப்பு நீரில் கரையுமா என்பதே அமிலத் தேர்வில் முதன்மையான வினா. இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் தரும் கால்சியம் அசிட்டேட் நீரில் மிக நன்றாகக் கரையும். சிட்ரிக் அமிலம் அசிட்டிக் அமிலத்தைவிட வலியது, மணமற்றது, தூளாகக் கிடைப்பது. ஆனால் கால்சியம் சிட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம் அளவிலேயே கரையும். சூடேற்றினால் அதன் கரைதிறன் மேலும் குறையும். தடித்த படிவின்மேல் சிறிதளவு சிட்ரிக் அமிலத்தை ஊற்றி உலரவிட்டால், ஒரு வெண்மை போய் மற்றொரு வெண்மை வந்துசேரும். புளியின் நிலையும் இதுவே. பித்தளைக் குடத்தைப் புளி துலக்குவது அதிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோக ஆக்சைடுப் படலத்தைக் கரைப்பதால். சுண்ணத்தோடு அது தரும் கால்சியம் டார்டரேட் நீரில் மிகக் குறைவாகவே கரையும். சர்க்கரையும் நாரும் வேறு கண்ணாடியில் ஒட்டும். ஆகவே தடித்த படிவுக்கு வினிகரும், மெல்லிய புள்ளிகளுக்குச் சிட்ரிக் அமிலமும் ஏற்றவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எலுமிச்சைச் சாறு சிட்ரிக் அமிலத்தின் நீர்த்த வடிவமே, அவசரத்துக்கு உதவும்.

தரை கழுவ விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நொடியில் கரைத்துவிடும். கண்ணாடியையும் குறிப்பிடத்தக்க அளவு தாக்காது. ஆயினும் அதன் புகை மூச்சுக்குழாயைப் புண்படுத்தும், உலோகச் சட்டங்களை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். இது வினிகருக்கும் பொருந்தும். வினிகரால் முடிகிற வேலைக்கு அதை நாடத் தேவையில்லை. ஹைட்ரோபுளூரிக் அமிலம் கலந்த துருநீக்கிகளைத் தொட்டியின் அருகிலும் கொண்டுசெல்லலாகாது. அவை கண்ணாடியையே கரைக்கும். உடலுக்கோ அதனினும் கொடியவை.

வினிகரோடு ஆப்ப சோடாவைக் கலந்து பூசும் முறை பரவலாகக் கூறப்படுகிறது. கொப்பளிப்பது கண்ணுக்கு விருந்துதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று செயலிழக்கச்செய்து சோடியம் அசிட்டேட்டாக முடியும். படிவைக் கரைக்க எஞ்சுவது ஒன்றுமில்லை.

இனி அளவு. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 120 கிராம் அசிட்டிக் அமிலம் தேவை. 5 விழுக்காட்டு வினிகரில் கணக்கிட்டால் ஒரு கிராம் படிவுக்கு 24 மில்லிலிட்டர். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட தொட்டியின் உட்சுற்றளவு ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். அதில் 2 சென்டிமீட்டர் அகலமும் 0.05 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பட்டை படிந்திருப்பதாகக் கொண்டால் அதன் பருமன் 1.8 கன சென்டிமீட்டர். கால்சைட்டின் அடர்த்தி 2.7 ஆதலால் எடை 5 கிராமை நெருங்கும். முழுதும் கரைய 120 மில்லிலிட்டர் வினிகர் வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியில் எஞ்சியிருப்பதோ சில மில்லிலிட்டரே. 'வினிகர் போட்டுப் பார்த்தேன், போகவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் வினிகரைப் போதிய அளவு போடவில்லை.

அளவோடு நேரமும் சேரவேண்டும். நிற்கும் கண்ணாடியில் ஊற்றிய அமிலம் வழிந்துவிடும். வெறுமைத் தொட்டியாயின், படிவுள்ள பக்கம் தரையில் கிடக்குமாறு சாய்த்து, அப்பட்டையின்மேல் பருத்தித் துணியையோ மென்தாளையோ விரித்து, வினிகரால் ஊறவைத்து, ஆவியாகாதவாறு மேலே நெகிழித் தாளால் மூடி அரைமணி நேரம் விடலாம். பின்னர்த் துணியை எடுத்து, தளர்ந்த படிவைத் துடைத்து, புது வினிகரால் மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். வினை நிகழ நிகழ அமிலம் தீர்ந்துபோவதால், ஒரே துணியை மூன்று மணிநேரம் விடுவதைவிடப் புது வினிகரால் மூன்றுமுறை போர்த்துவது பயன்தரும். கொதிநீரை ஊற்றி விரைவுபடுத்த முயலவேண்டா, கண்ணாடி விரிசலுறும்.

வினிகர் தொட்டியின் சிலிக்கோன் ஒட்டைக் கெடுக்குமோ என்ற ஐயம் எழுவதுண்டு. மீன்தொட்டி ஒட்டுவதற்குப் பரவலாகப் பயன்படும் சிலிக்கோன், இறுகும்போது தானே அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவது; புதிய தொட்டியின் புளித்த மணம் அதனுடையதே. இறுகிய ஒட்டை அரைமணி நேர வினிகர் கெடுப்பதில்லை.

சுரண்டலும் கீறலும்

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட் 3. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. இவ்வெண்களின்படி சுண்ணப் படிவு கண்ணாடியைக் கீறவியலாது. கீறுவது துடைப்பானில் சிக்கிய மணல். தொட்டியின் அடித்தள மணலை ஒட்டிக் காந்தத் துடைப்பானை இழுப்போரும், மணலில் விழுந்த பஞ்சை அலசாமல் மீண்டும் எடுப்போரும் தம் கண்ணாடியைத் தாமே கீறுகின்றனர். கம்பிநார் கண்ணாடிக்கு இணையான கடினமுடையது. அதனோடு மணல் சேரும்போது கேடு இரட்டிக்கும்.

அமிலத்தால் தளர்ந்த படிவை எடுக்கச் சவர பிளேடு உதவும். கண்ணாடி நனைந்திருக்கவேண்டும், பிளேடு புதிதாக, துருவின்றி இருக்கவேண்டும், அதைச் சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் தள்ளவேண்டும். மூலைகளில் சிலிக்கோனை விட்டு விலகி நிற்றல் இன்றியமையாதது. அங்கு ஒரு வெட்டு விழுந்தால் நீர்க்கசிவு தொடங்கும். அக்ரிலிக் தொட்டிகளுக்குப் பிளேடு முற்றிலும் ஆகாது. மென்துணியும் நீர்த்த வினிகரும் மட்டுமே ஏற்றவை.

மீன்கள் உள்ள தொட்டி

தொட்டியை வெறுமையாக்காமல் துலக்கவேண்டிய நிலையே மிகுதி. இங்குதான் கவனக்குறைவுக்கு மீன்கள் விலைகொடுக்கின்றன.

60 லிட்டர் நீருள்ள தொட்டியில் 30 மில்லிலிட்டர் வினிகர் கலந்துவிட்டதாகக் கொள்வோம். அதில் உள்ள அசிட்டிக் அமிலம் 1.5 கிராம். இது லிட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் காரத்தன்மையைச் செயலிழக்கச்செய்யும். (காரத்தன்மை இங்குக் கால்சியம் கார்பனேட்டின் அளவாகத் தரப்படுகிறது.) காரத்தன்மை 200 மில்லிகிராம் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீராயின் பத்தில் ஒரு பங்கே செலவாகும், 8 ஆக இருந்த பி.எச். மதிப்பு 7.2 அளவுக்கு இறங்கி, கரியமில வாயு வெளியேற வெளியேற மீளும். காரத்தன்மை 20 மில்லிகிராம் மட்டுமே உள்ள, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டிய நீராயின் அத்தனையும் தீர்ந்துபோய், பி.எச். 5.5 அளவுக்குச் சரியும். படிவைத் தந்த கடினநீரே அதை நீக்கும் அமிலத்திலிருந்து மீனைக் காக்கிறது. மென்னீர்த் தொட்டியில் அக்காப்பு இல்லை.

பி.எச். தாள் கொண்டு அளந்து 'பெரிய மாற்றமில்லை' என்று அமைதியடைவோர் மற்றொன்றைக் காண்பதில்லை. அசிட்டேட் நுண்ணுயிர்களுக்குச் சிறந்த உணவு. ஒரு கிராம் அசிட்டிக் அமிலம் முழுதும் சிதைய 1.07 கிராம் ஆக்சிஜன் வேண்டும், 1.5 கிராமுக்கு 1.6 கிராம். 28 பாகை செல்சியசில் காற்றோடு நிறைவுற்ற நீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும். 60 லிட்டரிலும் சேர்த்து அரை கிராமுக்கும் குறைவு. அதாவது, கலந்த வினிகர் கோரும் ஆக்சிஜன் தொட்டி முழுவதிலும் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இது ஒரே கணத்தில் செலவாவதில்லை. நுண்ணுயிர்கள் பெருகப் பெருக, மறுநாளோ அதற்கடுத்த நாளோ நீர் பால்போல் கலங்கும். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்கும். துலக்கிய அன்று நலமாக இருந்த மீன்கள் இரண்டாம் நாள் இறப்பதை 'ஆசிட் பட்டுச் செத்தது' என விளக்குவது பல நேரங்களில் பிழையாகலாம். அப்போது அமிலம் ஏற்கெனவே செயலிழந்திருக்கும். இழந்த காரத்தன்மையும், அசிட்டேட் சிதைந்த அளவுக்கு, திரும்பத் தொடங்கியிருக்கும். மூச்சுத்திணறலே இறப்புக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும். சிட்ரிக் அமிலத்துக்கும் இது பொருந்தும், கிராமுக்கு 0.75 கிராம் ஆக்சிஜன் கோருவதால் தீங்கு சற்றுக் குறைவு.

ஆகவே நீர்மட்டத்தை ஐந்து சென்டிமீட்டராவது தாழ்த்திக்கொண்டு, சூடேற்றியை முன்னரே அணைத்துவிட்டு, சொட்டாதவாறு பிழிந்த வினிகர்த் துணியைப் பட்டையின்மேல் ஒட்டவைத்து, கீழே வேறொரு உலர்துணியைத் தாங்கலாகப் பிடித்து, சிறுசிறு பகுதியாகத் துலக்கவேண்டும். பிழிந்த துணியில் அமிலம் குறைவு என்பதால் ஒரே நாளில் முடியாது. நாளுக்கு ஒரு பக்கம் என நான்கு நாளில் முடிக்கலாம். ஒவ்வொரு முறையும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இருமுறை துடைத்தபின்னரே நீர்மட்டத்தை உயர்த்தவேண்டும். தவறி அமிலம் கலந்துவிட்டால், காற்றூட்டியை இரண்டு மூன்று நாள் இடைவிடாது இயக்குவதும், அதே வகை நீரால் பாதியை உடனே மாற்றுவதும், அந்நாள்களில் தீவனத்தைக் குறைப்பதும் தக்கவை. கலந்த அமிலத்தைச் 'சரிசெய்ய' ஆப்ப சோடாவைக் கொட்டுதல் பி.எச். மதிப்பைத் திடீரென உயர்த்தும். அசிட்டேட்டையோ அது நீக்காது.

மேலூற்றும் நீர்

படிவு மீண்டும் வருவதைத் தள்ளிப்போடுவதற்கு, ஆவியாகும் நீர் தூய நீர் என்பதை நினைவிற்கொண்டால் போதும். மேலே கண்ட தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்றும், அதை ஈடுசெய்ய லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் ஊற்றப்படுகிறது என்றும் கொள்வோம். மாதம் 12 கிராம் சுண்ணத்துக்கு நிகரான பொருள் தொட்டிக்குள் புகுகிறது, வெளியேறுவது இல்லை. படியாமல் அனைத்தும் கரைந்தே நின்றால் கடினத்தன்மை மாதத்துக்கு 200 மில்லிகிராம் உயரும். உண்மையில் ஒரு பகுதி கண்ணாடிக்குப் போகிறது.

ஆவியான அளவை மட்டும் மழைநீராலோ வடிகட்டிய நீராலோ ஈடுசெய்தால் இவ்வேற்றம் நிற்கும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைத் தொட்டியில் தேக்கும் அமைப்புள்ள வீடுகளில், முதல் மழையைக் கழித்துப் பிடித்த நீர் இதற்கு மிகப் பொருத்தமானது. புதிதாகச் சிமென்ட் பூசிய தொட்டியில் தேங்கிய நீர் காரத்தன்மை மிகுந்திருக்கும் ஆதலால் அதைத் தவிர்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அது செம்புக் குழாய்களின்மேல் வழிந்துவருவது, செம்பு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு.

இதனை மீறி, வாராந்தர நீர்மாற்றத்தையும் மென்னீரால் செய்யத் துணிவதற்குமுன் எந்த மீன் வளர்கிறது என்று பார்க்கவேண்டும். மோலியும் கப்பியும் கடினநீரில் நன்கு வாழும். ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்கு அதுவே இயற்கைச் சூழல். அமேசான் பகுதியின் நியான் டெட்ராவும் டிஸ்கசும்தான் மென்னீரை விரும்புவன. கண்ணாடியின் அழகுக்காக மீனின் நீரை மாற்றுதல் முறையன்று. மாற்றியே ஆகவேண்டுமெனில் சில வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும்.

மூடியிடுதல் ஆவியாதலைக் குறைக்கும். காற்றூட்டியின் குமிழிக் கல்லைக் கண்ணாடியை விட்டுத் தள்ளி நடுவில் வைத்தால் தெறிப்பு குறையும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் புதுப்படிவு, ஏடாக இறுகுமுன்னரே வந்துவிடும்.

கல்லூரி ஆய்வகத் தொட்டிகளில் மிகத் தடித்த பட்டைகள் கோடை விடுமுறையின்போதே உருவாகின்றன. நாள்தோறும் நீரூற்ற ஆளில்லாமல் நீர்மட்டம் படிப்படியாகத் தாழ, ஒவ்வொரு படியிலும் ஒரு கோடு நிற்கிறது. சூன் மாதத்தில் திரும்பிவருபவர் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் அவற்றை எண்ணிவிடலாம். மீன்களை வேறிடத்துக்கு மாற்றும் வழக்கமுள்ள துறைகளில், தொட்டியை நீரோடு விட்டுச்செல்லாமல் முற்றிலும் வடித்து, உட்புறக் கண்ணாடியை உலர்துணியால் ஈரமின்றித் துடைத்துவைக்க ஒரு தொட்டிக்குப் பத்து நிமிடம் ஆகும்.